பிரேக் விளக்கு எரிகிறது, ஆயில் குறைகிறது: ஆஃப்ரோடு வண்டியில் கசிவைத் தேடிப் பிடிக்க முழு வழிகாட்டி

மீட்டரில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்ததும் பலரும் செய்யும் முதல் வேலை, பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவை மேல் கோடு வரை நிரப்பிவிடுவது. விளக்கு அணைந்துவிடும், மனசும் ஆறிவிடும். ஆனால் எவ்வளவு குறைந்தது, எந்த அறையில் குறைந்தது என்ற இரண்டு தடயங்களும் அதோடு போய்விட்டன. தயவுசெய்து முதலில் ஊற்றாதீர்கள். முதலில் பாருங்கள்.

எஞ்சின் ஆயில் எரிந்து குறையும், ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும். பிரேக் ஆயில் அப்படிச் சும்மா காணாமல் போகாது. குறைந்திருந்தால் ஒன்று, பேட் (டிஸ்க்கில் உரசி வண்டியை நிறுத்தும் கட்டை) தேய்ந்ததால் காலிப்பருக்குள் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) இறங்கி நிற்கிறது. இல்லையென்றால் எங்கோ வெளியே கசிகிறது. அதுவும் இல்லையென்றால் டப்பாவுக்குக் கீழே இருந்து ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கமாகப் பூஸ்டருக்குள் (வேக்குவத்தால் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பகுதி) போகிறது. கிளட்ச்சும் பிரேக்கும் ஒரே டப்பாவில் ஆயில் எடுக்கும் வண்டியாக இருந்தால் கிளட்ச் பக்கமும் போயிருக்கலாம். கீழே சொல்லப்போகும் எல்லா சோதனையும் இந்த நான்கில் எது என்று பிரித்துப் பார்க்கத்தான்.

வண்டியை நகர்த்தலாமா

விளக்கு எரிகிறது என்பதை விட பெடல் எப்படி இருக்கிறது என்பதுதான் இந்தக் கேள்விக்குப் பதில். பெடல் வழக்கமான உயரத்தில், வழக்கமான கெட்டியோடு இருந்தால், ஆயிலும் கீழ்க் கோட்டை ஒட்டி இருந்தால், பதறத் தேவையில்லை. சமதளமான இடமாகப் பார்த்து நிறுத்தி நிதானமாகச் சோதிக்கலாம். பெடல் பாதிக்கு மேல் உள்ளே போகிறது, அல்லது இரண்டு மூன்று தடவை அடித்தால்தான் பிடிக்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன் உண்டு, இரண்டும் தனித்தனி சர்க்யூட், அதாவது தனித்தனி ஆயில் பாதை. ஆஃப்ரோடு வண்டிகளில் பெரும்பாலும் முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று. டப்பாவுக்குள்ளேயும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கும். ஒரு பக்கம் முழுக்க வடிந்தாலும் மறுபக்கத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்பதற்காக. பின் பைப் அறுந்தாலும் முன் பிரேக் வேலை செய்யும், ஆனால் பெடல் ரொம்ப தூரம் போன பிறகுதான் பிடிக்கும், நிற்கும் தூரமும் கூடும். ‘பிடிக்கத்தானே செய்கிறது’ என்று இதை நம்பி மலை இறங்குவது முட்டாள்தனம். மீதி இருக்கிற அந்த ஒரு சர்க்யூட் முழுச் சுமையையும் தாங்கிச் சூடாகும், அதில் இருப்பது வருடக்கணக்கில் மாற்றாத பழைய ஆயில் என்றால் அது கொதிக்கத் தொடங்கும். ஆவி வந்ததும் பெடல் தரையைத் தொடும்.

விளக்கு எதற்காக எரிகிறது

ஆயிலைச் சந்தேகிக்கும் முன் விளக்கைச் சந்தேகியுங்கள். ஒரே சிவப்பு விளக்குக்குப் பின்னால் பல சுவிட்ச்கள் இருக்கின்றன, அதில் எது மூடினாலும் விளக்கு எரியும். ஹேண்ட்பிரேக் சுவிட்ச் ஒன்று. டப்பா மூடியிலோ அடியிலோ இருக்கும் மிதவை சுவிட்ச் இன்னொன்று. பழைய வண்டிகளில் முன், பின் சர்க்யூட்களின் அழுத்த வித்தியாசத்தைப் பார்க்கும் சுவிட்ச் ஒன்று தனியாக இருக்கும். சில டீசல் வண்டிகளில் பூஸ்டருக்கு வேக்குவம் குறைந்தாலும் இதே விளக்குதான். சிலவற்றில் ஆல்டர்னேட்டர் கெட்டுப்போனால் பேட்டரி விளக்கோடு பிரேக் விளக்கும் சேர்ந்து எரியும். இரண்டும் ஒன்றாக எரிந்தால் பிரேக்கைப் பிரிக்கும் முன் சார்ஜிங் வோல்டேஜைப் பாருங்கள்.

மஞ்சள் ஏபிஎஸ் (மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து எரிவது வேறு கதை: ஆயில் குறைவும் காரணமாக இருக்கலாம், பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைப் பங்கிடும் மின்னணு வேலையும் நின்றிருக்கலாம். அப்படி நின்றிருந்தால் அவசரமாக மிதிக்கும்போது பின் சக்கரம் சீக்கிரமே பூட்டிக்கொண்டு வண்டி வால் வீசும்.

சோதனை எளிது. சாவியை ஆன் செய்யுங்கள், விளக்கு எரிகிற நிலையில் ஹேண்ட்பிரேக் லீவரைக் கையால் கீழே அழுத்திப் பிடியுங்கள். அணைந்தால் சுவிட்ச் அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லை அல்லது லீவருக்கு அடியில் மண் சேர்ந்திருக்கிறது. அணையவில்லையா, டப்பாவில் இருக்கும் மிதவை சுவிட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். அதைக் கழற்றியதும் விளக்கு அணைந்தால் ஆயில் குறைவு, அல்லது மிதவையே மூழ்கிவிட்டது. ஆயில் மேல் கோட்டில் இருந்தும் எரிகிறது என்றால் மிதவைக்குள் ஆயில் ஏறிக் கனத்துவிட்டது என்று அர்த்தம். டப்பாவை விரலால் தட்டிப் பாருங்கள், ஒட்டிக்கொண்டது என்றால் விடுபடும், மூழ்கியது என்றால் மாற்றத்தான் வேண்டும். கனெக்டரைக் கழற்றியும் எரிந்தால் வயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது அல்லது மேலே சொன்ன வேறு சுவிட்ச். ஆற்றைக் கடந்து வந்த மறுநாள் வரும் விளக்குகளில் கனெக்டருக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்த கேஸ்கள் நிறைய. எச்சரிக்கை: புதிய வண்டிகள் சிலவற்றில் கனெக்டரைக் கழற்றினாலே கம்ப்யூட்டர் அதைக் கோளாறாக எடுத்துக்கொண்டு விளக்கைப் போடும், அதனால் வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று, இது ஆஃப்ரோடு ஓட்டுபவர்களுக்கே உரியது. செங்குத்தான இறக்கத்திலோ பக்கவாட்டுச் சரிவிலோ மட்டும் விளக்கு எரிந்து, சமதளத்துக்கு வந்ததும் அணைகிறதா? டப்பாவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது மிதவை இறங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் ஆயில் மேல் கோட்டில் இருக்கும் வண்டியில் இது சாதாரணமாக நடக்காது. ஆகவே அளவு கீழ்க் கோட்டை நெருங்கிவிட்டது என்பதை அந்தச் சரிவு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்கிறது. இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

டப்பாவைப் பார்ப்பது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மூடியைத் திறக்கும் முன் டப்பாவைச் சுற்றிலும் துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் அது போய்ச் சேரும் இடம் மாஸ்டர் சிலிண்டரின் சீல். இப்போது இருக்கிற அளவில் ஒரு மாஸ்க்கிங் டேப் ஒட்டி, பேனாவால் கோடு போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதுங்கள்.

அடுத்து சக்கர இடைவெளி வழியாக டார்ச் அடித்து எல்லா பேட்களின் தடிமனையும் பாருங்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். புதிய பேட் போட்டபோது மேல் கோட்டில் இருந்த ஆயில், பேட் முழுக்கத் தேயும்போது கீழ்க் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது இயல்பு. பேட் மெலிந்திருக்கிறது, ஆயில் மாதக்கணக்கில் மெதுவாகத்தான் இறங்கியது, எங்கும் ஈரமில்லை என்றால் உங்களுக்குத் தேவை புதிய பேட், புதிய ஆயில் இல்லை. இதில் நிரப்பிவிட்டால் பேட் மாற்றும் நாளில் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா வழிந்து கீழே இருக்கும் பெயின்ட் எல்லாம் உரியும்.

பேட் நன்றாக இருந்தும் ஆயில் குறைந்திருந்தால், அல்லது ஒரே வாரத்தில் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தால், கசிவுதான். டப்பாவின் எந்த அறை காலியாக இருக்கிறது என்று பாருங்கள். தடுப்புக்குக் கீழே ஒரு அறை மட்டும் வற்றியிருந்தால் எந்த சர்க்யூட் என்பது தெரிந்துவிடும். அதற்கு நேர் கீழே மாஸ்டரிலிருந்து கிளம்பும் பைப்பைக் கையால் தொடர்ந்து போனால் முன்னா பின்னா என்று தெரியும். டப்பா மாஸ்டரில் உட்காரும் ரப்பர் வாஷர்களையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். கரடுமுரடான பாதையில் குலுங்கிக் குலுங்கி அந்த ரப்பர் இறுகி வெடித்து, மாஸ்டரின் மேலேயே ஈரம் நிற்கும்.

ஒரு விதிவிலக்கு. வேக்குவம் பூஸ்டர் இல்லாமல், மின் பம்பும் அழுத்தம் சேர்த்து வைக்கும் அக்யுமுலேட்டரும் உள்ள வண்டிகள் உண்டு. டொயோட்டா லேண்ட் குரூஸர் 100 வரிசையில் பல அப்படித்தான். சாவி ஆனில் இருக்கும்போது கொஞ்சம் ஆயில் அக்யுமுலேட்டருக்குள் போய்விடும், டப்பாவில் குறைவாகத் தெரியும். சாவியை ஆஃப் செய்து பெடலை 40 தடவை போல மிதித்து அழுத்தத்தை இறக்கிய பிறகு பார்த்தால்தான் உண்மையான அளவு. இது தெரியாமல் ஊற்றியவர்கள் வண்டியில்தான் டப்பா நிரம்பி வழிகிறது.

பெடலைக் கேளுங்கள்

எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு தடவை மிதித்து பூஸ்டரில் இருக்கும் வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடல் கெட்டியாகும். இப்போது நடுத்தர அழுத்தத்தில் அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். அப்புறம் இதையே லேசான அழுத்தத்திலும் செய்யுங்கள், ஏனென்றால் தேய்ந்த சீல் பலமாக அழுத்தினால் விரிந்து அடைத்துக்கொள்ளும், லேசாக மிதிக்கும்போதுதான் விட்டுக்கொடுக்கும்.

மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது, ஆனால் டப்பாவில் ஆயில் குறையவே இல்லை என்றால் மாஸ்டரின் உள் சீல் போய்விட்டது. ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்பி டப்பாவுக்கு வருகிறது. இறங்குகிறது, ஆயிலும் குறைகிறது என்றால் வெளிக் கசிவு. பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று. முதல் மிதியில் தாழ்ந்து, அடுத்தடுத்த மிதியில் உயர்ந்தால் பின் டிரம்மில் ஷூவுக்கும் (டிரம்மின் உள்பக்கம் உரசும் பட்டை) டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது, அல்லது சக்கர பேரிங் ஆட்டம் கண்டு டிஸ்க் அசைந்து பேட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பெரிய டயர் போட்டு மேடு பள்ளத்தில் ஓடும் வண்டிகளில் இந்த பேரிங் விவகாரம் சகஜம். பிரேக்கில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஐந்து நொடியில் தெரிந்துவிடும்.

கடைசியாக, பெடலை அழுத்தியபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்சம் இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. இது கோளாறு இல்லை, பயப்படாதீர்கள்.

வண்டிக்கு அடியில்

சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். தூக்கினால் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். அடிப்பகுதி முழுக்கச் சேறு என்றால் முதலில் கழுவிக் காயவைத்துவிட்டுத்தான் தேட வேண்டும். காய்ந்த சேறு ஆயிலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கசிவு ஓர் இடத்தில் இருக்க ஈரம் வேறோர் இடத்தில் தெரியும். கழுவியதும் ஒருவரை உட்கார வைத்து பெடலைப் பலமாக இருபது முப்பது தடவை மிதிக்கச் சொல்லுங்கள், அப்புறம் ராத்திரி முழுக்க அடியில் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் இருக்கும் கறைக்கு நேர் மேலேயிருந்து தேட ஆரம்பியுங்கள்.

என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம், சேஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு இறங்கும் நடு ஹோஸ். ஆக்ஸில் ஒவ்வொரு தடவை மேலே போய்க் கீழே வரும்போதும் இது மடங்குகிறது, மரக்கிளையும் வேரும் முதலில் மாட்டுவது இதில்தான். ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள்: இரும்பு முனையில் நுழையும் இடத்தில் மெல்லிய வெடிப்புகள் தெரியும், சில ஹோஸ்கள் மேலே நன்றாக இருந்து அந்த முனைக்குள் மட்டும் ஈரமாக இருக்கும். வண்டியை உயர்த்தும் கிட் போட்டிருந்தால் சேஸைத் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். தரையில் நிற்கும்போது தளர்வாகத் தெரியும் ஹோஸ், ஆக்ஸில் முழுசாகத் தொங்கும்போது கம்பி போல விறைத்து நின்றால் நீளமான ஹோஸ் போடாமலே வண்டியை உயர்த்தியிருக்கிறார்கள். முன் ஹோஸ்களுக்கும் இதே சோதனை. கூடவே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி டயரோ ஸ்பிரிங்கோ உரசுகிறதா என்று பாருங்கள். உரசிய இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும்.

அடுத்து இரும்பு பைப். பின் ஆக்ஸிலின் மேல் இரண்டு பக்கமும் ஓடும் பைப்பில், கிளிப் பிடித்திருக்கும் இடங்கள்தான் முதலில் துருப்பிடிக்கும். கிளிப்புக்கு அடியில் ஈரமண் தங்கி, வெளியே தெரியாமல் அரித்துவிடும். கிளிப்பைத் திறந்து பாருங்கள். துரு செதிலாக உரிந்தால், கசியாவிட்டாலும் அந்தப் பைப்புக்கு ஆயுசு முடிந்தது. பாறை உரசி நசுங்கிய இடம், சைலன்சருக்குப் பக்கத்தில் போகும் இடம், லீஃப் ஸ்பிரிங் யு-போல்ட் ஒட்டிய இடம், எல்லாவற்றையும் வெள்ளை டிஷ்யூ பேப்பரால் துடைத்துக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் பேப்பரில் தெரியும். பின் சுமைக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு, சேஸில் ஒரு கம்பியால் ஆக்ஸிலோடு இணைந்திருக்கும், அதன் அடிப்பக்கமும் கசியும். ஆனால் அதை யாரும் பார்ப்பதில்லை.

காலிப்பரில் பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்தால் மணல் உள்ளே போய் பிஸ்டனைக் கீறும், தண்ணீர் போய்த் துருப்பிடிக்கும், கொஞ்ச நாளில் உள் சீலும் விட்டுவிடும். ஹோஸ் காலிப்பரில் சேரும் போல்ட்டின் இரு பக்கமும் செம்பு வாஷர் இருக்கும், பழைய வாஷரையே திரும்பப் போட்ட இடத்தில் ஈரம் தெரிவது வழக்கம். ஏர் எடுக்கும், அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றும், நிப்பிளின் ரப்பர் மூடியைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஆயில் நின்றால் நிப்பிள் சரியாக உட்காரவில்லை.

பின் டிரம் என்றால், டயரின் உள்பக்கச் சுவரில் கறை வழிந்திருக்கிறதா, டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டின் அடியில் ஈரமா என்று பாருங்கள். டிரம்மைக் கழற்ற வராமல் ஒட்டிக்கொண்டால் சுத்தியலால் விளிம்பை உடைக்காதீர்கள். ஷூ அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். பல டிரம்களில் மரை போட்ட இரண்டு துளை இருக்கும், அதில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாறி மாறித் திருகினால் டிரம் தானாக வெளியே வரும். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறையின் ஓரத்தை மெல்லத் தூக்குங்கள். லேசான பிசுபிசுப்பு பரவாயில்லை. ஆயில் வழிந்தால் சிலிண்டர் போனது. ஷூவில் ஆயில் ஊறிவிட்டால் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயன்படுத்தலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சூடானதும் உள்ளே ஊறியது மேலே வரும். இரு பக்கமும் ஷூவை மாற்றுங்கள்.

ஈரமெல்லாம் பிரேக் ஆயில் இல்லை

இங்கேதான் பலரும் தவறான பார்ட்டை வாங்குகிறார்கள். டிரம்முக்குள் வந்த ஈரம் ஆக்ஸில் சீல் போய் வந்த கியர் ஆயிலாக இருக்கலாம், குறிப்பாக ஆக்ஸிலின் காற்றுத் துளையைச் சேறு அடைத்திருந்தால். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். பிரேக் ஆயில் வகைகளான டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் தண்ணீரில் கரைந்துவிடும்; கியர் ஆயிலும் ஷாக் அப்சார்பர் ஆயிலும் மேலே மிதக்கும். மோந்து பார்த்தாலே தெரியும், கியர் ஆயிலில் கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். முன் பக்கம் முழு ஆக்ஸில் உள்ள வண்டிகளில், பழைய லேண்ட் குரூஸர், ஜிம்னி போன்றவற்றில், ஸ்டீயரிங் திரும்பும் உருண்டைக்குப் பின்னாலிருந்து கிரீஸும் கியர் ஆயிலும் கலந்த கறுப்புக் குழம்பு வழியும், அதுவும் பிரேக் சம்பந்தப்பட்டது இல்லை. பிரேக் ஆயில் மெல்லியது, வழவழப்பாக இருக்கும், பெயின்ட்டில் பட்டால் கொப்புளம் எழுப்பும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

வெளியே ஒன்றுமே இல்லையென்றால்

எல்லாம் காய்ந்திருக்கிறது, ஆயில் மட்டும் குறைகிறது. இப்போது பூஸ்டர். மாஸ்டரும் பூஸ்டரும் சேரும் இடத்துக்கு அடியில் விரல் விட்டுப் பாருங்கள், பூஸ்டரின் கறுப்புப் பெயின்ட் அங்கே மட்டும் உரிந்திருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. மாஸ்டரின் இரண்டு நட்டைக் கழற்றி, பைப்களைக் கழற்றாமலே, அவை வளைய இடம் கொடுக்கும் அளவுக்கு மட்டும் மாஸ்டரை முன்னால் இழுங்கள். பின்முனை ஈரமாக இருந்தால் பின் சீல் போய், ஆயில் பூஸ்டருக்குள் தேங்குகிறது. எஞ்சின் அதை வேக்குவம் வழியாக இழுத்து எரித்தால் சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். இப்படி ஆயில் குடித்த பூஸ்டரின் உள் ரப்பரும் நாளடைவில் கெடும், அதனால் மாஸ்டரை மாற்றும்போது பூஸ்டரையும் சோதியுங்கள்.

கிளட்ச்சை மறக்காதீர்கள். டப்பாவின் பக்கவாட்டிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கிளட்ச் மாஸ்டருக்குப் போனால் இரண்டுக்கும் ஒரே ஆயில். அந்தக் குழாய் சற்று உயரத்தில் இருக்கும். ஆயில் சரியாக அந்தக் குழாய் மட்டத்தில் வந்து நின்று, அதற்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் கிளட்ச் பக்கம்தான் கசிவு. கிளட்ச் பெடலுக்கு மேலே கைவிட்டுப் பாருங்கள், கியர்பாக்ஸ் பக்கத்தில் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பரைப் பாருங்கள்.

எந்தச் சக்கரம் என்று பிடிபடாமல் பெடல் மட்டும் தாழ்ந்தால், ரப்பர் ஹோஸ்களுக்கென்றே உள்ள கிளாம்பால் எல்லா ஹோஸையும் நெரித்து, பெடல் கெட்டியானதும் ஒவ்வொன்றாகத் திறந்து வாருங்கள். எதைத் திறந்ததும் பெடல் இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள். எஃகுக் கம்பி பின்னிய ஹோஸில் இதைச் செய்யக் கூடாது, உள் குழாய் நசுங்கிவிடும்.

பாதை நடுவில் அறுந்தால்

பாறையில் இடித்து பைப் அறுந்தது, ஊர் தூரம். அறுந்த இடத்துக்கு மேலே, அதாவது மாஸ்டர் பக்கமாக இருக்கும் முதல் ஃப்ளேர் நட்டை (பைப்பின் விரிந்த முனையை இறுக்கிப் பிடிக்கும் நட்) கழற்றி அங்கே அதே மரையுள்ள அடைப்பைப் போடுவது நல்ல வழி. ஜப்பானிய வண்டிகளிலும் ஐரோப்பிய வண்டிகளிலும் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரை, பிரிகளுக்கு இடையே 1 மில்லிமீட்டர் இடைவெளி. உங்கள் வண்டிக்கு எது என்று வீட்டிலேயே பார்த்து இரண்டு அடைப்பு வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள். கழற்ற சாதாரண ஸ்பானர் போட்டால் நட்டின் முனை உருண்டுவிடும், ஃப்ளேர் நட் ஸ்பானரே வேண்டும். அடைப்பு இல்லாவிட்டால் பைப்பை மடக்கி, மடித்த இடத்தை பிளையரால் நன்றாக நசுக்குங்கள். அந்தப் பைப் எப்படியும் மாற்றத்தான் போகிறது.

பின் சக்கரம் ஒன்றை அடைத்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். முன் சக்கரம் ஒன்றை அடைத்தால் மிதிக்கும்போது ஸ்டீயரிங் மறுபக்கம் பிடுங்கும், இதில் ரோட்டில் போவதை நான் ஆதரிக்க மாட்டேன், கட்டியிழுத்துக்கொண்டு போங்கள். எப்படிப் போனாலும் இறக்கத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸை (நான்கு சக்கர டிரைவ் வண்டியின் துணை கியர் பெட்டி) லோவில் போட்டு முதல் கியரில் எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்துங்கள், ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதா என்று கிளம்பும் முன்பே சோதித்துவிடுங்கள்.

கையில் பிரேக் ஆயில் இல்லை என்று எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றாதீர்கள். பிரேக்கின் ரப்பர் கனிம ஆயிலில் ஊறிப் பருத்துவிடும், அப்புறம் மாஸ்டர் தொடங்கி வீல் சிலிண்டர் வரை ரப்பர் இருக்கும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும்.

சரிசெய்து ஏர் எடுப்பது

அறுந்த பைப்பை நடுவில் வெட்டி, நசுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் ஜாயின்ட் போட்டு இணைக்க வேண்டாம். பிரேக்கின் அழுத்தத்துக்கு அது தாங்காது. முழு நீளப் பைப், முனையில் அந்த வண்டிக்குரிய ஃப்ளேர், அதுதான் சரி. துரு பிரச்சினை உள்ளவர்களுக்கு நிக்கல் கலந்த செம்புப் பைப் நல்லது, வளைப்பதும் எளிது.

ஆயில், மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அது. டாட் 3-க்கு காய்ந்த நிலையில் குறைந்தபட்ச கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260. ஈரம் உறிஞ்சிய நிலையில் இவை முறையே 140, 155, 180 என்று விழுந்துவிடும். நீண்ட மலை இறக்கத்தில் ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம் காகிதக் கணக்கு இல்லை. போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். டாட் 5 சிலிகான் வகை, டாட் 5.1 என்று நினைத்து அதை வாங்கிவிடாதீர்கள், மற்றவற்றோடு அது கலக்காது.

ஏர் எடுக்கும் வரிசை பெரும்பாலும் மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரம் முதலில், பக்கத்துச் சக்கரம் கடைசியில். கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே செய்யுங்கள். பின் சுமை வால்வு உள்ள வண்டியில் சேஸைத் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டால், வண்டி காலியாக இருக்கிறது என்று அந்த வால்வு நினைத்து பின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். நீங்கள் மணிக்கணக்கில் மிதித்தும் பின்னால் ஒழுங்காக ஆயில் வராது. ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சுமை ஆக்ஸில் மேல் இருக்கும்படி வைத்துச் செய்யுங்கள். வால்விலேயே ஒரு நிப்பிள் இருந்தால் அதையும் திறக்க வேண்டும்.

பழைய மாஸ்டர் என்றால் பெடலைத் தரை வரை அமுக்காதீர்கள். பிஸ்டன் வழக்கமாகப் போகாத உட்பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும், நன்றாக இருந்த சீல் அதில் உரசிக் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வையுங்கள். டப்பா முழுக்க வற்றி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால், பல வண்டிகளில் ஸ்கேனர் போட்டு அதன் பம்பை ஓடவிட்டால்தான் காற்று வெளியேறும். எவ்வளவு எடுத்தும் பெடல் பஞ்சாகவே இருந்தால் நேரத்தை வீணாக்காமல் அந்த வசதி உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் பெடலைப் பலமாக மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் கழற்றிய எல்லா இணைப்பையும் காய்ந்த டிஷ்யூவால் துடைத்துப் பார்க்கட்டும். பேப்பர் காய்ந்தே இருந்தால் ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் நடை வேகத்தில் நான்கைந்து தடவை நிறுத்திப் பாருங்கள், ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள், அப்புறம் வேகம் கூட்டுங்கள். டப்பாவில் பழைய டேப்பை எடுத்துவிட்டுப் புதிய அளவில் புதிய டேப் ஒட்டுங்கள். ஒரு வாரம் தினமும் காலையில் பார்த்து, அந்தக் கோட்டிலேயே ஆயில் நின்றால் அடுத்த ஆஃப்ரோடு பயணத்துக்குக் கிளம்பலாம். திரும்பி வந்த அன்றே சேற்றைக் கழுவும்போது அந்த நடு ஹோஸை இன்னொரு தடவை மடக்கிப் பார்த்துவிடுங்கள்.